மதம் மாற இருபது புள்ளிகள்

பிஷ்கெக்,
பிப்ரவரி 9

அன்புள்ள குத்மான் அண்ணாவுக்கு,

கால்நடையும் உயிரும் நலமா? நம் வழக்கப்படி கால்நடையை முதலில் கேட்டுவிட்டேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி இருக்கிறது. ஆனாலும் சந்தைக்குப் போகாமல் இருப்பதில்லை.

வக்கீலைப் பார்த்தோம். செப்டம்பரில் உங்கள் தண்டனையில் பாதி முடிகிறது. அப்போது முன்கூட்டியே விடுவிக்கச் சொல்லி மனுப் போடலாமாம். வேன் நிறுத்தத்தில் நடந்தது திட்டமிட்ட அடி இல்லை, தள்ளுமுள்ளு என்று தீர்ப்பிலேயே இருப்பதால் கிடைக்கும் என்கிறார். அதுவரை உங்கள் பெயரில் ஒரு தகராறு, ஒரு புகார் வரக்கூடாது. அம்மா இப்போதே உங்கள் அறைக்கு வெள்ளையடித்துவிட்டார்.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை, மொத்தம் நான்கு பேர். கான் மன்னர்களின் காலத்தை வைத்து ஒரு கணினி ஆட்டம் செய்கிறோம். வரலாறு படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் எதற்கு என்ன விலை என்று முடிவு செய்வது என் வேலை. பெண் கொடுத்து உறவு கொண்டாட எவ்வளவு, கோட்டை கட்ட எவ்வளவு என்று ஒரு அட்டவணை. எங்கள் முதலாளி ரினாத் போன வாரம், "சண்டை போடாமலே ஜெயிக்க ஒரு வழி வேணும் மேரிம். மதத்தை அதுக்கு வெச்சுக்கலாம்" என்றார். அதனால் இப்போது பக்கத்து நாட்டுக்குப் போதகர்களை அனுப்பலாம், அவர்களுடைய புனிதரின் சமாதிக்கு மாடம் கட்டிக் கொடுக்கலாம். பெரிய நாட்டின் பாதுகாப்பு வேண்டுமென்றால் அந்த நாட்டின் மதத்துக்கே மாறிவிடலாம். அதற்கு இருபது புள்ளிகள் என்று வைத்திருக்கிறேன்.

என்னோடு விளையாடுகிறீர்களா? ஒவ்வொரு கடிதத்திலும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். இங்கே கணினியில் போட்டு, நடந்ததை எழுதி அனுப்புகிறேன். கட்டம் போட்ட தாளில் வரைபடம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பொழுது போகும், எனக்கு அட்டவணை சரியா என்று தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை மேரிம்


பிப்ரவரி 27

மேரிமுக்கு,

உயிர் நலம். இங்கே கால்நடை என்றால் நாங்கள்தான். காலையில் எண்ணுகிறார்கள், மாலையில் எண்ணுகிறார்கள், இதுவரை ஒன்றும் தொலையவில்லை. அம்மாவின் முட்டிக்கு ஆட்டுக் கொழுப்பைச் சுடவைத்துத் தேய்க்கச் சொல். சொன்னால் கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்.

உன் வரைபடத்தால் ஒரு வேடிக்கை. கடிதங்களைப் படிக்கும் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "இது என்னடா, தப்பிச்சுப் போற வழியா?" என்றார். இது நானூறு வருஷத்துக்கு முந்தின நாடு என்றேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப தாராளமாப் போயிட்டு வா, நானே கதவைத் திறந்து விடுறேன்" என்றார். நல்ல மனிதர்தான். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

நடுப்பள்ளத்தாக்கில் இருக்கும் சின்னக் குலத்தை எடுத்துக்கொள்கிறேன். வடக்கே குதிரைக்காரர்கள், தெற்கே பெரிய கான், நடுவில் என் கூடாரங்கள். மதம் என்ன என்று கேட்பாய். ஊற்றுக்குப் பக்கத்து மரத்தில் துணி கட்டுகிறவர்கள் என்று எழுதிக்கொள். நம் அப்பா மாதிரி. முதல் வேலையாக ஆடு வளர்க்கிறேன். யாரோடும் வம்பு வேண்டாம்.

செப்டம்பரை நானும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்காக அம்மா எதையும் விற்காமல் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிஷ்கெக்,
மார்ச் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நூருஸ் புத்தாண்டு வாழ்த்துகள். முளைகட்டிய கோதுமையில் கிண்டிய சூமலக் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குவளை வந்தது. நீங்கள் இருந்தால் அடிப்பிடித்த பகுதிக்குச் சண்டை போட்டிருப்பீர்கள். அம்மா கொழுப்பு தேய்த்துக்கொள்கிறார், ஆனால் நீங்கள் சொன்னதற்காக இல்லை என்கிறார்.

ஆட்டத்தில் ஐந்து வருடம் ஓடிவிட்டது. உங்கள் ஆடுகள் பெருகின. அதனாலேயே வடக்கத்திக் குதிரைக்காரர்கள் கப்பம் கேட்டு ஆள் அனுப்பினார்கள். உங்களிடம் படை இல்லை என்பதால் கொடுத்துவிட்டேன். தெற்கே இருக்கும் கானின் போதகர்கள் பள்ளத்தாக்கில் நடமாடுகிறார்கள், விரட்டவா, இருக்கட்டுமா?

பார்சலில் உலர்ந்த தயிர் உருண்டை, தேயிலை, சர்க்கரை, அம்மா பின்னிய இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை அனுப்பினோம். எல்லாம் வந்து சேர்ந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னார். காலுறையைப் பற்றித் தனியாகக் கேட்கச் சொன்னார்.

மேரிம்


ஏப்ரல் 18

மேரிமுக்கு,

நலம். கையெழுத்து கோணலாக இருக்கும், கண்டுகொள்ளாதே. கைப்பந்து ஆடும்போது விழுந்தேன். இடது கையால் எழுதுகிறேன். காலுறை நல்ல கதகதப்பாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்.

இனி ஆட்டம். கவனமாகப் படி.

வடக்கத்திக்காரர்களுக்குக் கப்பம் ஒரு முறை கொடுத்தால் போதும் என்று நீ நினைத்துவிட்டாய். மாதா மாதம் வருகிறார்கள். முதலில் தேயிலை, பிறகு சர்க்கரை, பிறகு காலில் போடுவது. என் குலத்து ஆட்கள் பனியில் வெறுங்காலோடு நிற்கிறார்கள். ஒருவன் போன மாதம் தர மாட்டேன் என்றான். பிறகு கொடுத்தான். திருப்பி அடிக்கவும் முடியாது, அடித்தால் அது தகராறு, செப்டம்பரில் கணக்கில் வரும்.

தெற்கத்திக்காரர்கள் கப்பம் கட்டுவதில்லை. ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். அவர்களில் ஒருவனைத் தொட்டால் எல்லாரும் எழுந்து வருவார்கள் என்பதால் வடக்கத்திக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. சேருகிறவனிடம் அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான், ஐந்து வேளையும் தங்களோடு நிற்க வேண்டும்.

என் குலம் அவர்கள் மதத்துக்கு மாறினால் என்ன ஆகும்? சரியாகக் கணக்குப் போட்டுச் சொல். அட்டவணை செய்தவள் நீ. உன் பதில் வரும் வரை ஒன்றும் செய்யாமல் இருக்கிறேன்.

அண்ணன்


பிஷ்கெக்,
ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

கை எப்படி இருக்கிறது? வீக்கம் வற்றியதா? அம்மாவிடம் கையைப் பற்றிச் சொல்லவில்லை, காலுறையைப் பற்றி மட்டும் நீங்கள் எழுதியபடி படித்துக் காட்டினேன்.

கடிதம் வந்த அன்று மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்காமல் உங்கள் குலத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மாறாமல் இருந்தால் ஒவ்வொரு முறையும் அழிந்துவிடுகிறது. சில சமயம் சீக்கிரம், சில சமயம் கொஞ்சம் தாமதமாக. மாறினால் தெற்கத்திக் கான் அரணாக நிற்கிறார். வடக்கத்திக்காரர்கள் முறைக்கிறார்கள், கிட்டே வருவதில்லை. முப்பது வருடத்துக்குப் பழைய வழிக்குத் திரும்ப முடியாது என்று ஒரு விதி இருக்கிறது. அதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

என் பின்னால் நின்று பார்த்த ரினாத், "இவ்வளவு யோசிக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு? மாறிட்டுப் போக வேண்டியதுதானே. இருபது புள்ளி, கொள்ளை மலிவு" என்றார். அவருக்கு யாருடைய குலம் என்று தெரியாது.

மாறிவிடுங்கள் அண்ணா. உள்ளுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கப் போவதில்லை. கணினியும் பார்ப்பதில்லை.

உடனே பதில் எழுதுங்கள்.

மேரிம்


மே 30

அன்புத் தங்கை மேரிமுக்கு,

இறைவனின் அமைதி உன் மீதும் அம்மாவின் மீதும் உண்டாகட்டும்.

என் குலம் மாறிவிட்டது. நீ கணக்குப் போட்டபடியே எல்லாம் நடந்தது. காலுறை காலில் இருக்கிறது. கை தேறிவிட்டது, இது வலது கையால் எழுதுவது, பார்த்தாலே தெரியும்.

விடியும் முன்பே எழுந்துவிடுகிறார்கள். குழாய்த் தண்ணீர் பனிக்கட்டியாக இருக்கிறது. வடக்கத்திக்காரர்களிடம் தப்பித்த என் மக்கள் கால் கழுவியே செத்துவிடுவார்கள் போலிருக்கிறது. வரிசையில் நின்று மற்றவர்கள் குனியும்போது குனிகிறேன், உதட்டை அசைக்கிறேன். பக்கத்தில் நிற்பவன் ஒரு தச்சன், நான் தப்பாகச் செய்தால் முழங்கையால் இடிக்கிறான்.

அடுத்த பார்சலில் குதிரைக்கறித் தொத்திறைச்சி வேண்டாம். யார் அறுத்தது என்று கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பேரீச்சம்பழம் கிடைத்தால் அனுப்பு. பங்கிட்டுச் சாப்பிடுவோம்.

அம்மாவின் முட்டி எப்படி இருக்கிறது?

அண்ணன்


பிஷ்கெக்,
ஜூலை 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டதால் அதைக் கேட்கவில்லை. தாடி உங்களுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான், கொடுத்த நேரம் முழுவதும் அம்மாவின் முட்டியைப் பற்றியே பேசித் தீர்த்துவிட்டோம். கேட்க நினைத்தது எதையும் கேட்கவில்லை. என் சுபாவம் உங்களுக்குத் தெரியும்.

வெளியே வரும்போது நடைவழியில் ஒரு அதிகாரி கூப்பிட்டார். உங்கள் கடிதங்களைப் படிக்கிறவர் என்று அவரே சொன்னார். "நீதானே வரைபடம் போட்ட பொண்ணு? உங்க அண்ணன் தொழுகைக் கூட்டத்தோட சேந்துட்டான், தெரியுமா? கண்காணிப்புல வெச்சிருக்கோம். செப்டம்பரை நம்பி எதுவும் பண்ணிடாதீங்க" என்றார். திட்டவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார். தெரியும் என்று சொல்லாமல் நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வக்கீலும் அதையே சொல்கிறார். தொழுவது குற்றமில்லையாம். ஆனால் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தவர்களை வெளியே விட எந்த நீதிபதியும் கையெழுத்துப் போடுவதில்லையாம். நான் உங்களுக்குக் கணக்குப் போட்டபோது இரண்டு பக்கத்தைத்தான் பார்த்தேன், வடக்கு, தெற்கு. சுற்றி வேலி போட்டு வைத்திருப்பவர்கள் என் அட்டவணையிலேயே இல்லை.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. தாடியை எடுத்துவிட்டு, அவர்களை விட்டு வந்துவிட்டேன் என்று ஒளிப்பதிவுக் கருவி முன்னால் சொன்னால் மனு மேலே போகுமாம். சொல்லிவிடுங்கள் அண்ணா. செப்டம்பர் வரைக்கும் தனி அறையில் வைக்கச் சொல்லி வக்கீல் எழுதித் தருகிறார், வடக்கத்திக்காரர்கள் நெருங்க முடியாது. போனது போலவே திரும்பி வந்துவிடலாம்.

அலுவலகத்தில் அந்த முப்பது வருட விதியை எடுத்துவிட்டு, திரும்பி வருவது இலவசம் என்று மாற்றிப் பார்த்தேன். ரினாத் கண்டுபிடித்துவிட்டார். "போறதும் ஓசி, வர்றதும் ஓசின்னா எவன் உன்னை நம்பிக் கூட்டு சேருவான்? பழையபடியே வை" என்றார். வைத்துவிட்டேன்.

அம்மா உங்களுக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார். அளவு மாறியிருக்குமா என்று கேட்டார். மாறியிருக்காது என்றேன்.

மேரிம்


ஆகஸ்ட் 25

அன்புத் தங்கை மேரிமுக்கு,

இறைவனின் அமைதி உண்டாகட்டும். நான் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

நீ சொன்னபடி ஒப்புக்கொண்டு போனேன். இங்குள்ள கூட்ட அறையில் ஒளிப்பதிவுக் கருவியை வைத்திருந்தார்கள். அந்த அதிகாரி தேநீர் கொடுத்தார், சர்க்கரையும் போட்டார். "ரெண்டே வாக்கியம்டா குத்மான். சொல்லிட்டு உங்கம்மாகிட்டப் போய்ச் சேரு. மனசுக்குள்ள என்ன வேணா வெச்சுக்க, அதை யாரு தோண்டிப் பாக்கப் போறா?" என்றார். நீ எழுதியதும் இதுதான். அவர்கள் எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. வாயைத் திறந்தேன்.

சொல்ல முடியவில்லை, மேரிம்.

பயத்தால் என்று நினைக்காதே. பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அது வேறு. வெறும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? எந்த நாளிலிருந்து என்று தெரியவில்லை, அசைப்பது மட்டுமாக இல்லை. நான் தேநீரைக் குடித்து முடிக்கும் வரை அந்த அதிகாரி காத்திருந்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டார்.

உன் கணக்கில் பிழை இல்லை. நீ எனக்குக் கெடுதல் எதுவும் சொல்லவில்லை. அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, நீயே பார்த்துச் சொல். ஆட்டத்தை நீயே ஆடி முடித்துவிடு.

அண்ணன்


பிஷ்கெக்,
செப்டம்பர் 19

அண்ணாவுக்கு,

அம்மா நலம். நானும் நலம்.

நீதிமன்றத்தில் உங்கள் பெயரைக் கூப்பிட்டதற்கும் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டதற்கும் நடுவில் அம்மா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டக்கூட நேரம் இருக்கவில்லை. மனு தள்ளுபடி. அம்மா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எல்லாரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்தே இருந்தார். "அவ்வளவுதானா? அவனைக் கூட்டிக்கிட்டு வரலையா?" என்று கேட்டார். இனி முழுத் தண்டனையும்தான் என்று வீட்டுக்கு வந்த பிறகு சொன்னேன். நான்கு குளிர்காலம் என்று விரலை மடக்கிப் பார்த்தார். பிறகு மாவு பிசையப் போய்விட்டார்.

ஏன் என்று அவர் கேட்டார். அண்ணன் தொழுகிறான் என்றேன். "தொழுகிறதுல என்ன தப்பு?" என்றார். ஒரு தப்பும் இல்லை அம்மா என்றேன்.

ஆட்டம் வெளிவந்துவிட்டது. எங்கெங்கோ இருந்து விளையாடுகிறார்கள். முதல் முறையிலேயே மதம் மாறிவிடுங்கள், அதுதான் சுலபமான வழி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். ரினாத் அதைப் படித்துவிட்டு எனக்குச் சம்பளம் உயர்த்தியிருக்கிறார்.

நீங்கள் எழுதியதை நான் நம்புகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. உங்களுக்கு உண்மையாகவே அப்படித் தோன்றுகிறதா? அல்லது விட்டு வந்தால் அவர்கள் உங்களை ஏதாவது செய்துவிடுவார்களா? எனக்கு மட்டும் சொல்லுங்கள். எப்படி எழுதினாலும் புரிந்துகொள்வேன்.

மேரிம்


பிஷ்கெக்,
அக்டோபர் 30

அண்ணாவுக்கு,

நலமா? பதில் வரவில்லை. நான் கேட்டதற்குப் பதில் வேண்டாம். நலம் என்று ஒரு வரி எழுதினால் போதும். பேரீச்சம்பழம் அனுப்பியிருக்கிறேன்.

மேரிம்


டிசம்பர் 3

அன்புத் தங்கைக்கு,

இறைவனின் அமைதியும் கருணையும் உங்கள் இருவர் மீதும் உண்டாகட்டும். அவன் அருளால் நலமாக இருக்கிறேன். உங்கள் நலம் வேண்டுகிறேன்.

எங்களைத் தனிக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடிதத்துக்கும் பார்வையாளருக்கும் கட்டுப்பாடு. ஜனவரியில் ஒரு தடவை பார்க்க அனுமதி உண்டு.

வரும்போது தலையையும் கழுத்தையும் மூடிக்கொண்டு வா. அம்மா வந்தால் அவரும். இங்கே யாரைப் பார்க்க யார் வருகிறார்கள் என்று எல்லாரும் பார்க்கிறார்கள். போன மாதம் தச்சனைப் பார்க்க அவன் மனைவி வெறும் தலையோடு வந்தாள். அதிலிருந்து அவன் தனித் தட்டில் சாப்பிடுகிறான். இங்கே தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பேரீச்சம்பழம் வந்தது. பங்கிட்டுக்கொண்டோம்.

குத்மான்


பிஷ்கெக்,
டிசம்பர் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

இறைவனின் அமைதி உண்டாகட்டும். இப்படித் தொடங்குவது எனக்கு இதுவே முதல் தடவை. சரியாக எழுதியிருக்கிறேனா என்று பாருங்கள்.

நானும் அம்மாவும் நலம். ஜனவரியில் வருகிறோம்.

சந்தையில் துணிக்கடை வரிசையின் கடைசியில் முக்காடு விற்கும் ஒரு அக்கா இருக்கிறார். எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் நின்றேன். அவரே என்னை உட்காரவைத்து, முடியை உள்ளே தள்ளி, மோவாய்க்குக் கீழே ஊக்கு குத்திக் காட்டினார். கை பூப்போல இருந்தது. ஒரு நாளுக்குத்தான் வேண்டும், ஒருத்தரைப் பார்க்கப் போக வேண்டும் என்றேன். "எங்கிட்ட வாங்குறவங்கள்ல பாதிப் பேரு அப்படிச் சொல்லித்தான் வாங்குறாங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. யாரைப் பார்க்க என்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் கட்டிப் பார்த்தேன். அம்மா சமையலறையிலிருந்து பார்த்தார். உங்களுக்குத் தெரியும், அம்மா கல்யாணமான நாளிலிருந்து தலைத்துணியைப் பிடரியில்தான் முடிச்சுப் போடுவார், கழுத்து வெளியே தெரியும். அப்பா இறந்த அன்றும் அப்படித்தான் கட்டியிருந்தார். யார் என்ன சொன்னாலும் மாற்றியதில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தன் துணியை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார். "எனக்கும் அது மாதிரி கட்டி விடு. கழுத்து தெரியாம" என்றார். கட்டினேன். ஊக்கு குத்தும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். கண்ணாடியில் தன்னை வேறு யாரையோ போலக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்படி வந்தா அவனை ஒண்ணும் பண்ண மாட்டாங்கல்ல?"

யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாட்டார்கள் அம்மா என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். பிறகு அவிழ்க்காமலே போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

உங்கள் தங்கை
மேரிம்